ஏழாம் நம்பர் போலாட்டில் ஒரு பொட்டு

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் எனக்கு வாடிக்கையாக எலுமிச்சம்பழம் கொடுக்கும் பாய், நாலு பழத்தைத் தராசில் வைத்தபடி, "எங்கண்ணே பயணம்?" என்று கேட்டார். அயர்லாந்து என்றேன். பழத்துக்கும் அயர்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி சரசு நாலையும் திருப்பி எடுத்து வைத்துவிட்டாள். "ஏர்போர்ட்ல புடுங்கிருவாங்க. ஆடி மாசத்துல பயணம் போறதே தப்பு. இதுல பழத்துக்கு வேற ஃபைன் கட்டணுமா?"

எலுமிச்சம்பழம் போனால் போகிறது. சிராங்கூன் சாலை அம்மன் கோயிலில் வாங்கிய குங்குமமும், நாலு சந்தன வில்லையும், காகிதத்தில் மடித்த திருநீறும் என் சட்டைப் பைக்குள் போய்விட்டன. பயணம் முழுக்க அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒரே மகள் மீனா, பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் பெரிய கப்பல் ஒன்றில் மூன்றாம் அதிகாரி. நான்கு வருஷத்துக்கு முன் பயிற்சிக்காக முதல் கப்பல் ஏறக் கிளம்பியபோது, பெட்டியை வாசலில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து குனிந்தாள். திருநீறு பூசி அனுப்பவேண்டும். நான் பூசவில்லை. பெண்பிள்ளைக்குக் கடல் எதற்கு என்ற கோபம். சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். லிஃப்ட் கதவு மூடும் சத்தம் உள்ளே கேட்டது.

அதற்குப் பிறகு மூன்று தடவை விடுமுறைக்கு வந்துபோனாள். நன்றாகத்தான் பேசுவாள். "சாப்டீங்களாப்பா?" என்பாள். மருந்து வாங்கித் தருவாள். ஆனால் கிளம்பும்போது குனிவதில்லை. லிஃப்ட் பக்கத்தில் நின்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். நானும் கூப்பிட்டதில்லை.

இந்த ஆடியில் அவள் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள். "வியாழக்கிழமை கோவ்ங்கிற ஊருக்கு வர்றோம். காலைல எட்டுக்குக் கட்டி, சாயந்தரம் அஞ்சுக்கு அவுத்துருவோம். வெளிய வர விடுவாங்களான்னு தெரியாது. அவ்ளோ தூரம் வராதீங்க லா." கடைசியில் இருந்த சிங்கப்பூர் 'லா'வைக்கூட விடாமல் சரசு படித்துக் காட்டியதும் நான் போய் பாஸ்போர்ட்டைத் தேடினேன். வருகிறோம் என்று சரசு பதில் போட்டாள்.

அயர்லாந்தின் தெற்குக் கரையில் பெரிய துறைமுகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் தீவு ஒன்றின் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்தான் கோவ். கார்க் நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஒரே தண்டவாளத்தில் புறப்படும் ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து போகும் என்று யாருக்குத் தெரியும்? நம் ஊர் எம்ஆர்டி ரயிலில் கலரைப் பார்த்து ஏறினால் போதும். கடலைக் காணோமே, வயலாக வருகிறதே என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, எதிர் இருக்கையில் நாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர் விஷயத்தைச் சொன்னார்.

"இது மிடில்டன் போற வண்டிங்க. ஆனா கவலப்படாதீங்க, மிடில்டனும் நல்ல ஊர்தான்."

சரசு சன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "முப்பத்தோரு வருஷம் கப்பல் பேரு படிச்ச ஆளு. ரயில் பேரு படிக்கத் தெரியல."

பெரியவர் எங்களோடு இறங்கி, சரியான ரயில் வரும்வரை நின்று, ஏற்றிவிட்ட பிறகுதான் தன் வழியில் போனார். இந்த ஊர்க்காரர்களுக்கு அவசரம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அந்த இரண்டாவது ரயில் தண்ணீருக்கு நடுவே ஓடியது. இரண்டு பக்கமும் சாம்பல் நிறக் கடல், சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். ரயில் நிலையத்தைத் தாண்டியதுமே கப்பல் துறை. பெட்டியை இறக்காமலே துறையை எட்டிப் பார்த்தேன்.

நான் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூரிங் கேங்கில் இருந்தவன். கரைக்கு வரும் கப்பல் வீசுகிற கயிற்றை வாங்கி, துறையில் நட்டிருக்கும் இரும்புக் குமிழில் மாட்டுவது, புறப்படும்போது கழற்றிவிடுவது, இதுதான் எங்கள் வேலை. அந்தக் குமிழை நாங்கள் போலாட் என்போம். இப்போது அந்தத் துறைமுகத்தையே துவாஸுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆனாலும் போலாட்டைப் பார்த்தால் கண் அங்கேயே நின்றுவிடும். எங்கள் கேங் ஆட்களுக்குக் கோபுரம் தெரிவதற்கு முன்னால் போலாட்தான் தெரியும்.

இங்கே கோபுரமும் பெரிதுதான். மேட்டின் உச்சியில் கருங்கல்லில் கட்டிய தேவாலயம். ஊரில் எந்த மூலையில் நின்றாலும் அதன் ஊசிக் கூம்பு தெரிகிறது. நாங்கள் தங்கிய வீடு அதற்கும் கொஞ்சம் கீழே. அந்தத் தெருவின் சரிவைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் ஊர் மவுண்ட் ஃபேபர் குன்றெல்லாம் இதன் பக்கத்தில் சமதரை. பக்கத்தில் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி வரிசையாக இறங்குகின்றன. மஞ்சள், நீலம், ரோஜா நிறம் என்று ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். நம் கெர்பாவ் ரோட்டுக் கடைவீடுகளை யாரோ படிக்கட்டில் அடுக்கி வைத்ததுபோல இருந்தது. "கீழ் வீடு விழுந்தா எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சிரும்னு சொல்லுவாங்க" என்றார் வீட்டுக்கார அம்மா நோரா. "அதனால கீழ் வீட்டுக்காரங்ககிட்ட நாங்க யாரும் சண்ட போடுறதில்ல."

நோராவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் மேசைக்கு வந்து, என்னென்ன சாப்பிடமாட்டீர்கள் என்று கேட்டார். மாடு வேண்டாம், பன்றி வேண்டாம் என்றோம். செவ்வாய், வெள்ளியில் முட்டை மீன்கூட இல்லை என்று சரசு சேர்த்துச் சொன்னாள். நோரா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அப்போ மிச்சம் உருளைக்கிழங்குதான்மா. வருத்தப்படாதீங்க, சரியான நாட்டுக்குத்தான் வந்திருக்கீங்க."

வறுத்தது, வேகவைத்தது என்று உருளைக்கிழங்கே இரண்டு விதமாக வந்தது. கூடவே காளான், தக்காளி, ஈஸ்ட் இல்லாமல் சுட்ட பழுப்பு ரொட்டி. அந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி, அதன்மேல் சரசு கொண்டுவந்த இட்லிப் பொடியைத் தூவினோம். நோராவும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கரண்டி" என்றார். நாங்கள் கிளம்பும்போது இட்லிப் பொடி டப்பா அந்த வீட்டிலேயே நின்றுவிட்டது.

தேவாலயத்துக்கு ஏறிப் போனோம். வாசலில் பழக்கத்தில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே இருந்த ஊழியர் ஓடிவந்து வேண்டாம் வேண்டாம் என்றார். நானோ, மழையில் நனைந்த செருப்போடு சாமி முன்னால் எப்படிப் போவது என்று காலுறையோடே நடந்தேன். அவரும் விட்டுவிட்டார். அவ்வளவு உயரமான கூரையை நான் எந்தக் கட்டடத்திலும் பார்த்ததில்லை. மேலே கோபுரத்தில் வரிசை வரிசையாக மணிகள். நேரம் வந்ததும் அவை வெறுமனே அடிப்பதில்லை, பாட்டாகவே வாசிக்கின்றன. பக்கத்தில் ஒரு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். கடலுக்குப் போன மகனுக்காகவாம். சரசு எழுந்து போய்த் தானும் ஒன்று ஏற்றிவிட்டு வந்தாள்.

"எந்தச் சாமின்னு கேட்டியா?" என்றேன்.

"கேக்கல. மீனாவுக்குன்னு சொன்னேன். அதுக்கு வெளங்கும்."

நானும் கண்ணை மூடி முருகனைத்தான் நினைத்தேன். அந்த இடத்தில் அது ஒட்டாததுபோலத் தோன்றவே இல்லை.

கீழே துறையோரம் ஒரு சிலை. ஒரு சிறு பெண், கூடவே இரண்டு தம்பிகள். பஞ்சத்திலும் வறுமையிலும் இந்த ஊரிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறி அமெரிக்கா போயிருக்கிறார்கள். அவர்கள் ஞாபகமாக வைத்திருக்கிறார்கள். சரசு அந்தப் பெண்ணின் கையைத் தொட்டுப் பார்த்தாள். பலபேர் தொட்டுத் தொட்டு வெண்கலம் மின்னியது. என் தகப்பனாரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மேல்தளத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்து சிங்கப்பூர் வந்தவர்தான். அவருக்கு யார் சிலை வைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சரசு முந்திக்கொண்டாள். "ஒங்கப்பாவுக்குச் செல வேண்டாம். பேத்தி கப்பல் ஓட்டுறா, அது போதும்."

டைட்டானிக் கப்பல் கடைசியாக ஆள் ஏற்றியதும் இந்த ஊரில்தான். அந்தப் பழைய மரத்துறையின் கட்டைகள் இன்னும் தண்ணீரில் கறுத்து நிற்கின்றன. பயணிகள் எல்லாரும் அதைப் படம் பிடிக்கிறார்கள். பெரிய கப்பல் கரைக்கு வரமுடியாமல் துறைமுக வாசலில் நின்றதாம். ஆட்களைச் சின்னப் படகில் கொண்டுபோய் ஏற்றினார்களாம். எனக்கு ஏறிப்போனவர்கள் ஞாபகம் வரவில்லை. இந்தத் துறையில் நின்று அந்தப் படகின் கயிற்றைக் கழற்றிவிட்டவன் ஞாபகம்தான் வந்தது. அவனும் என்னைப்போல் ஒரு கேங் ஆள்தானே. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். நாலு நாள் கழித்துச் செய்தி வந்தபோது தன் கையை என்னவென்று பார்த்தானோ? கயிறு கழற்றுகிறவன் ஒவ்வொரு தடவையும் போய்வா என்றுதான் கழற்றுகிறான். சொந்த மகளுக்கு அதைக்கூட நான் சொல்லவில்லை.

புதன்கிழமை படகில் ஸ்பைக் தீவுக்குப் போனோம். துறைமுகத்துக்கு நடுவே நட்சத்திர வடிவில் ஒரு கோட்டை. ஒரு காலத்தில் அதுவே சிறையாகவும் இருந்திருக்கிறது. நம் ஊர் செந்தோசா தீவில் பழைய பீரங்கிக் கோட்டை இருக்கிறதே, அதன் அண்ணன் மாதிரி. சுவர்மேல் நின்றால் கோவ் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது. உச்சியில் தேவாலயம், நடுவில் வண்ண வீடுகள், கீழே துறை. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல் இருந்தது. திரும்பும்போது படகுக்காரர் கரைக்குக் கயிறு எறிந்தார். என் கை தானாக முன்னால் போய்விட்டது. சரசு சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ரிட்டயர் ஆயாச்சு. ஒக்காருங்க."

அன்று சாயந்தரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

கப்பல் துறையைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். ஆனால் கப்பலின் பின்பக்கக் கயிறு மாட்டும் கடைசிப் போலாட் மட்டும் வேலிக்கு வெளியே, ஆட்கள் நடக்கும் பாதையோரம் இருக்கிறது. வெள்ளைப் பெயிண்டில் ஏழு என்று எழுதியிருந்தது. மீனா பின்பக்கக் கயிறுகளுக்குத்தான் பொறுப்பு என்று சரசு சொல்லியிருக்கிறாள். அப்படியானால் நாளை காலை என் மகள் அனுப்பும் கயிறு வந்து உட்காரப்போவது இதில்தான்.

தஞ்சோங் பகாரில் ஆயுத பூஜை அன்று எங்கள் கேங் ஆட்கள் லாரி, கயிறு சுற்றும் விஞ்ச், கயிறு இழுக்கும் கொக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். போலாட்டுக்கும் உண்டு. முதலில் சந்தனத்தைக் கை அகலத்துக்குப் பட்டையாக அப்பி, நடுவில் குங்குமத்தைக் குழைத்து வைப்போம். மலாய்க்காரர், சீனர் எல்லாரும் சுண்டல் வாங்கிச் சாப்பிடுவார்கள். பொட்டு வைக்காத போலாட்டில் அன்றைக்குக் கயிறு மாட்டமாட்டோம்.

தண்ணீர் பாட்டிலைத் திறந்து சந்தன வில்லையைக் கரைத்தேன்.

"ஏங்க, யாராச்சும் பாத்தா?" என்றாள் சரசு.

"பாக்கட்டுமே. சாமி காரியந்தானே."

ஏழாம் நம்பருக்கு நிறைவாக வைத்தேன். உள்ளங்கை அளவு குங்குமம். தள்ளி நின்று பார்த்தபோது நாலு வருஷமாக இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை தூறல். ஆறரைக்கே போய்விட்டோம். மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர் ஏழாம் நம்பரைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் குங்குமம் கரைந்து, போலாட்டின் உடம்பெல்லாம் சிவப்புக் கோடாக வழிந்திருந்தது.

"நேத்து மத்தியானம் இல்ல. யாரு குறிச்சாங்க?" என்றார் மீசைக்காரர்.

"போலாட் செக் பண்ற இன்ஸ்பெக்டரா இருக்கும், டோனல்" என்றார் மற்றவர். "எதையாச்சும் கண்டுபிடிச்சிருப்பாங்க."

"சிவப்பு போட்டிருக்கிற வரைக்கும் என் ஆளுங்க இதுல கயிறு மாட்டமாட்டாங்க. ஆபிசுக்குச் சொல்லு. கார்க்லேருந்து இன்ஜினியர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் கப்பல் வெளியவே நிக்கட்டும்."

சிவப்பு! பழுதான போலாட்டுக்குச் சிவப்புக் குறி போடுவது எங்கள் துறைமுகத்திலும் உண்டு. என் கையாலேயே எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். ஒருமுறை பழுதான போலாட் கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போனதில் எங்கள் கேங் ஆள் ஒருவருக்குக் கால் போயிற்று. ஆயுத பூஜை என்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் குழம்பமாட்டார்கள். இங்கே யாருக்குத் தெரியும்? டோனல் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

துறைமுக வாசலில், இரண்டு மேட்டுக்கும் நடுவே, வெள்ளையாக மீனாவின் கப்பல் தெரிந்தது.

அது அங்கேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டால்? அவளுக்கு வெளியே வரக் கிடைப்பது ஒரு மணி நேரமோ என்னவோ, அதுவும் போய்விடும். நான்தான் செய்தேன் என்று போய்ச் சொன்னால்? போலீஸ் வருமா? அந்தக் கப்பலில் இருப்பவளின் அப்பா என்று அவள் பெயரும் கெடுமா? துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சரசு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னிக்கு அவ குனிஞ்சப்போ உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டீங்க. இங்க சாத்துறதுக்குக் கதவுகூட இல்ல. போய்ச் சொல்லுங்க."

போனேன். என்னிடம் இருப்பது துறைமுகத்து ஆங்கிலம்தான். "ஐயா, இது பெயிண்ட் இல்ல. நான்தான் வெச்சேன்" என்றேன். சாமிப் பொட்டு என்றேன். என் மகள் அந்தக் கப்பலில் வருகிறாள், கயிறு நல்லபடியாக உட்காரவேண்டும் என்று வைத்தேன் என்றேன். நானும் மூரிங் கேங்தான், சிங்கப்பூர், முப்பத்தோரு வருஷம் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டோனல் என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கயிற்றுக் காய்ப்பு இன்னும் போகவில்லை.

"முப்பத்தோரு வருஷம். போலாட்ல சிவப்பு இருந்தா என்ன அர்த்தம்னு தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சே வெச்ச?"

"நேத்து புத்தி வேலைக்கு வரல ஐயா. சாமிகிட்ட போயிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. "தொடச்சிரு" என்றார். சரசு ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்ற, என் துண்டால் ஒரு சொட்டு சிவப்பு இல்லாமல் துடைத்தேன். டோனல் சுத்தியலை எடுத்துப் போலாட்டை மூன்று இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டார். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு வாக்கி டாக்கியை எடுத்தார்.

"ஏழாம் நம்பர் சரியா இருக்கு. பழுது இல்ல. இன்ஜினியர் வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். டோனல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வேலையா? சிங்கப்பூர்லேருந்து வந்த ஒரு அப்பா வேலை. அப்புறம் சொல்றேன்."

எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். அவர் துண்டை முகர்ந்து பார்த்து, "என்ன இது, மஞ்சளா?" என்றார். குங்குமம் மஞ்சளில் செய்வது என்றேன். துண்டை மடித்து என் கையில் கொடுத்தார்.

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு ஐயா."

"ஒரு பொட்டு. சின்னதா. கரைப்பக்கம், கயிறு வந்து உக்கார்ற எடத்துல. என் கண்ணுல படக்கூடாது." அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வருஷா வருஷம் எங்க பாதிரியார் வந்து படகுக்கெல்லாம் தண்ணி தெளிக்கிறாரு. அதுக்கு நான் எந்த இன்ஜினியரையும் கூப்பிட்டதில்ல."

சுண்டுவிரல் நுனியால் ஒரே ஒரு பொட்டு வைத்தேன். எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கப்பல் வந்தது. வண்ண வீடுகளைவிட உயரம். தேவாலயத்தோடு போட்டிபோடும்போல் இருந்தது. பின்பக்கத் தளத்தில் ஹெல்மெட் போட்ட ஆறேழு பேர். அதில் சின்ன உருவமாக, கையை வீசி ஆணையிட்டுக்கொண்டு நின்றது என் மகள்.

எறிகயிறு பறந்து வந்தது. டோனலின் ஆள் பிடித்து இழுக்க, அதன் வாலில் ஆள் முன்கை கனத்துக்குப் பெரிய ஆரஞ்சுக் கயிறு வந்தது. அதன் வளையத்தை ஏழாம் நம்பரில் மாட்டினார்கள். மேலே மீனா கையை இறக்கினாள். கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. திடீர் இழுப்பு இல்லை, வெடுக்கென்று ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ அதிகாரிகளை இதற்காக நாங்கள் கரையில் நின்று வாய்க்குள் திட்டியிருக்கிறோம். இவளைத் திட்ட ஒன்றும் இல்லை. ஒருதரம்கூடக் கரையில் எங்களைத் தேடவில்லை. எனக்கு அதில்தான் பெருமை. கயிறு இறுகும்வரை நல்ல அதிகாரிக்குச் சொந்தக்காரர் கிடையாது.

பதினொரு மணிக்கு வேலிக் கதவு வழியாக வந்தாள். எண்ணெய்க் கறை படிந்த வேலை உடுப்பு, கக்கத்தில் ஹெல்மெட். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஏம்ப்பா, ஒங்களுக்கே தெரியாதா? போலாட்ல செவப்பு வைக்கலாமா? துறைமுகப் பைலட்டுக்குத் தகவல் வருது, 'ஏழாம் நம்பர்ல செவப்புக் குறி, வெயிட் பண்ணு'ன்னு. பத்து நிமிஷம் கழிச்சு, 'ஒண்ணுமில்ல, சிங்கப்பூர்லேருந்து ஒரு அப்பா வந்திருக்காரு'ன்னு. கேப்டன் வாக்கி டாக்கில என்னைக் கேக்குறாரு, 'தேர்ட் ஆபிசர், ஒங்க ஊரா?'ன்னு."

"நீ என்னம்மா சொன்ன?"

"என்ன சொல்ல? எங்கப்பாதான்னு சொன்னேன் லா."

நாற்பது நிமிஷம்தான் அனுமதி. கடலோரப் பெஞ்சில் உட்கார்ந்து, நோரா வீட்டு அடுப்பில் சரசு கிளறிய புளிச்சாதத்தைப் பிரித்தோம். ஆள் உயரத்துக்கு மேலே வட்டமிட்ட கடற்காகம் ஒன்று சடாரென்று இறங்கி, மீனா கையிலிருந்த அப்பளத்தைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. "இந்த ஊர்லயும் காக்காய்க்குப் படைச்சாச்சு" என்று அவள் சிரித்தாள். டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள்.

மணியைப் பார்த்துவிட்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

"மீனா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, நாலு வருஷத்த அஞ்சு நிமிஷத்துல பேச முடியாது. பொட்டலம் பையில இருக்குல்ல? அப்பவேலேருந்து தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கீங்க." ஹெல்மெட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தாள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். தூறலில் காகிதம் நனைந்து திருநீறு குழைந்து போயிருந்தது. அதுவும் நல்லதற்குத்தான். மூன்று விரலால் நெற்றி நிறையப் பட்டையாகப் பூசினேன். காய்ந்த திருநீறென்றால் அந்தக் காற்றில் நின்றிருக்காது. பக்கத்தில் போன பயணிகள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும். "போயிட்டு வாம்மா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் நிமிர்ந்து, அப்படியே பட்டையோடு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

சாயந்தரம் ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் பாட ஆரம்பித்தபோது கப்பல் புறப்பட்டது. டோனல் என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில், ஏழாம் நம்பருக்குக் கொஞ்சம் தள்ளி, நிறுத்திக்கொண்டார். "தொடக்கூடாது. பாக்கலாம்" என்றார். அவர் ஆட்கள் ஏழாம் நம்பரிலிருந்து வளையத்தைத் தூக்கிக் கழற்றினார்கள். அதன் உள்பக்கத்தில், ஆரஞ்சுக் கயிற்றில், சிவப்பாக ஒட்டியிருந்தது என் பொட்டு. கயிறு தண்ணீரில் விழாதபடி மீனா வேகமாக இழுக்கச் சொல்லியிருக்கவேண்டும். நனையாமலே மேலே போய்க் கப்பலுக்குள் நுழைந்தது. அவள் குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கேப்டனிடம் பேச வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள்.

டோனல் தன் வாக்கி டாக்கியின் சத்தத்தைக் கூட்டி என் காதருகே பிடித்தார்.

"பின்பக்கம் எல்லாக் கயிறும் வந்தாச்சு, கேப்டன்."

முப்பத்தோரு வருஷத்தில் அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை, எத்தனை நாட்டு ஆண் குரலில் கேட்டிருப்பேன். கேட்டதும் கையை உதறிக்கொண்டு அடுத்த கப்பலுக்கு நடந்துவிடுவோம். அன்று நான் நகரவில்லை. கப்பல் இரண்டு மேட்டுக்கும் நடுவே போய்ச் சின்னதாகும்வரை நின்றேன்.

"பொட்டு கப்பலேறிருச்சு" என்றாள் சரசு. "வாங்க, நாம சரியான ரயில் ஏறுவோம்."